சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரும் ஐஸ் ஹவுஸ் மாணவியரும்

சுப்பலட்சுமி என்ற பெயரைக் கேட்டதும் இசையரசியின் முகமே இன்று நம் நினைவில் எழுகின்றது. அதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் அவ்விசையரசி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே பிறந்து, அதே பெயரைத் தாங்கி, தமிழகத்துப் பெண்களின் கல்வி வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே விளங்கிய இன்னொருவர் உண்டு. சிஸ்டர் சுப்பலட்சுமி என்று ஒரு தலைமுறை முழுவதும் அழைத்த ஆர்.எஸ். சுப்பலட்சுமி அம்மையாரே அவர். தஞ்சைத் தரணியில் வாழும் நாம் அவரை மறந்திருப்பது முறையன்று. அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து நம் மண்ணின் ஊரொன்றைக் குறிப்பது.

அவ்வூர் ரிஷியூர். நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூர். வெண்ணாறு அப்பகுதியில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகக் கிளைத்துக் கீழ்த்தஞ்சை வயல்களை நோக்கிப் பாய்கின்றது. குறுவையும் சம்பாவும் தாளடியும் மாறி மாறி விளைந்த பூமி. நிலம் இருந்த குடும்பங்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம் கற்று அரசுப் பணிக்குச் சென்ற பிள்ளைகளும் அங்கே நிறைந்திருந்தனர். இத்தனை செழிப்பிருந்தும் அவ்வக்கிரகாரங்களின் அடுக்களைகளில், பூப்படையும் முன்பே கணவனை இழந்த சிறுமியர் இருந்தனர்.

ஆடிப்பெருக்கு நாளை எண்ணிப் பார்ப்போம். புதுப்புனல் கரைதொட்டு வரும் வேளையில், காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறுமாகப் படித்துறை முழுதும் சுமங்கலிப் பெண்களின் கூட்டம். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் தூக்குகளில் மணக்கும். அச்சித்திரான்னங்களை விடியுமுன் எழுந்து ஆக்கிவைத்தவள் பெரும்பாலும் வீட்டிலிருந்த கைம்பெண்ணே. அவள் மட்டும் ஆற்றங்கரைக்கு வரமாட்டாள். பிறர் கண்ணில் படாத இருட்டில் நீராடித் திரும்பியிருப்பாள். தலை மழிக்கப்பட்டு, நார்மடிப் புடவை உடுத்து, ஒருபொழுது உண்டு, ஏகாதசியில் அதுவும் இன்றி, மங்கல நிகழ்ச்சி எதிலும் எதிர்ப்படாமல் வாழ்நாளைக் கழிக்க வேண்டியவள். அவளுக்கு வயது பன்னிரண்டாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம்.

சுப்பலட்சுமி அம்மையாரும் இவ்விதிக்குத் தப்பியவரல்லர். 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சிக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பொறியாளர். மகள் ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றாள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குல வழக்கப்படி அவளுக்குத் திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார்.

இவ்விடத்தில் அக்குடும்பம் செய்ததே பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் வித்து. பெற்றோர் மகளின் தலையை மழிக்க இசையவில்லை. அவளைப் படிக்க வைப்பதென முடிவு செய்தனர். உற்றாரும் ஊராரும் என்ன பேசியிருப்பர் என்பதை அக்காலத்து அக்கிரகார வாழ்வை அறிந்தவர் எளிதில் உணர்வர். அதே வீட்டில் தாயின் தங்கையும் கைம்பெண்ணாகவே வாழ்ந்துவந்தார். சித்தி வாலாம்பாள் என்னும் அவ்வம்மையாரைப் பற்றிப் பின்னரும் கூற வேண்டியிருக்கும்.

அந்நாளில் கைம்பெண்ணின் துயர் பேசப்படாமல் இருக்கவில்லை. நம் திருவையாற்றில் பிறந்தவரும் இந்து நாளிதழைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889ஆம் ஆண்டிலேயே தம் கைம்பெண் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். அதற்காகச் சாதி விலக்கின் கொடுமையைத் தாங்கினார். அ. மாதவையா 1903இல் முத்துமீனாட்சி என்னும் நாவலை அளித்தார். பாரதியார் முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற சந்திரிகையின் கதையில் சுப்பிரமணிய ஐயரும் ஆந்திரத்து வீரேசலிங்கம் பந்துலுவும் கதைமாந்தராகவே உலவுகின்றனர். ஆயின் இவர்கள் அனைவரும் கண்ட வழி மறுமணம். சுப்பலட்சுமி அம்மையார் கண்டது வேறு வழி. இளம் கைம்பெண்ணைக் கல்லூரி வாசலுக்கு அழைத்துச் செல்வது எங்ஙனம் என்பதே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி.

முதலில் தாமே அவ்வழியில் நடந்து பார்த்தார். வீட்டில் பயின்று, பிறகு வேப்பேரியில் கன்னிமாடத்துச் சகோதரியர் நடத்திய பள்ளியில் சேர்ந்து, அதன்பின் மாநிலக் கல்லூரியில் ஆண் மாணவர் நிறைந்த வகுப்புகளில் அமர்ந்து படித்தார். அவர் பிறந்த அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரும் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் ஆண்களிடையே தனியொரு பெண்ணாகப் படித்தவரே. பெண்களுக்கெனக் கல்லூரி சென்னை நகரில் இல்லாத காலம் அது. 1911ஆம் ஆண்டில் சுப்பலட்சுமி அம்மையார் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். கிறித்தவப் பெண்கள் சிலர் முன்பே பட்டம் பெற்றிருந்தனர். இந்துக் குடும்பத்திலிருந்து, அதிலும் கைம்பெண்ணொருத்தி, பட்டம் பெற்றது சென்னை மாகாணத்தில் அதுவே முதன்முறை.

வேப்பேரிக் கன்னிமாடத்தில் அவர் கற்ற பாடங்களுள் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. குடும்பம் இல்லாத பெண் பயனற்றவள் அல்லள் என்பதை அங்கிருந்த சகோதரியரின் அன்றாட வாழ்வே காட்டியது. அவர்களைப்போல் மதம் மாறாமலும் துறவு பூணாமலும் அத்தகைய வாழ்வை ஓர் இந்துப் பெண் வாழ முடியுமா என்ற எண்ணம் அங்கே முளைத்திருக்க வேண்டும். சிஸ்டர் என்ற அழைப்பு பின்னாளில் அவருக்கு இயல்பாக ஒட்டிக்கொண்டதும் பொருத்தமே.

1912ஆம் ஆண்டில் எழும்பூரில் தம் பெற்றோர் இல்லத்தில் நான்கு இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு பணியைத் தொடங்கினார். பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது அவருக்கு உறுதுணையாக நின்றார். அரசுக்கும் இதில் ஒரு தேவை இருந்தது. பெண் பள்ளிகள் பெருகிவந்தன, ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. மணமான பெண் வேலைக்கு வருவதும் அரிது. எஞ்சியவர்கள் கைம்பெண்களே. அவர்களைப் பயிற்றினால் பள்ளிகளுக்கு ஆசிரியை கிடைப்பர், அவர்களுக்கும் வாழ்வு கிடைக்கும். இரக்கத்தால் மட்டும் திறவாத கருவூலம் இக்கணக்கால் திறந்தது எனலாம்.

பெண்கள் சேரச்சேர இடம் போதவில்லை. கைம்பெண்கள் கூட்டமாகக் குடியிருக்க வீடு தருவார் இல்லை. காலையில் எதிர்ப்பட்டாலே காரியம் கெடும் என்று நம்பிய காலமல்லவா? கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கிடைத்தது. அக்கட்டடத்தின் கதை தனிக் கதை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்டது. இங்கேயே பனிக்கட்டி செய்யும் எந்திரங்கள் வந்ததும் அவ்வணிகம் நொடித்தது. பின்னர் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் அதை வாங்கிக் காற்றோட்டமாக வட்டத் தாழ்வாரங்கள் அமைத்தார். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். கைம்மாறிக் கைம்மாறி வந்த அம்மாளிகையை 1917இல் அரசு எடுத்துக்கொண்டது. பனிக்கட்டி உருகாமல் காக்கக் கட்டிய சுவர்களுக்குள் தஞ்சை, திருச்சி, கோவை எனப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த சிறுமியர் குடியேறினர்.

நம் பக்கத்துப் பெண்ணொருத்தி அங்கே சென்று சேர்ந்த வகையை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. நீடாமங்கலத்திலோ கும்பகோணத்திலோ தந்தையோடு அல்லது தமையனோடு வண்டி ஏறுவாள். மாயவரமும் விழுப்புரமும் கடந்து வண்டி எழும்பூரை அடையும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறினால் கடற்கரை. ஆற்றை மட்டுமே கண்டிருந்தவளுக்கு அக்கரையில்லாத நீர் எப்படி இருந்திருக்கும்? அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பெரிய பெண்கள் சின்னஞ்சிறு வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பள்ளியிறுதி தேறியபின் கல்லூரிக்கோ ஆசிரியப் பயிற்சிக்கோ செல்லலாம்.

1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதே கடற்கரைச் சாலையில், கேப்பர் மாளிகை என்னும் பழைய கட்டடத்தில், சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி திறக்கப்பட்டது. 37 மாணவியரோடு தொடங்கிய அக்கல்லூரிக்கு 1917இல் இராணி மேரி கல்லூரி என்ற பெயர் அமைந்தது. டோரதி தெலாஹே என்னும் ஆங்கிலப் பெண்மணி முதல் முதல்வராக இருந்து 1936 வரை அதை வளர்த்தார். ஐஸ் ஹவுஸுக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு கல் தொலைவுகூட இராது. வடக்கே சுப்பலட்சுமி அம்மையார் தாமே படித்த மாநிலக் கல்லூரி. நடுவே அவர் நடத்திய இல்லம். தெற்கே அவருடைய பெண்கள் படித்த கல்லூரி. மூன்றும் கடலை நோக்கி நிற்பவை.

அப்பெண்களின் ஒரு நாள் எத்தகையது? இல்லத்தில் அடுக்களை முழு ஆசாரத்தோடு நடந்தது. அதைக் கவனித்தவர்களுள் முதல்வர் சித்தி வாலாம்பாள். பிராமணச் சமையல், நீராட்டு, வழிபாடு, விரத நாள் எதிலும் குறை சொல்ல இடமில்லாதவாறு பார்த்துக்கொண்டனர். அக்கால வழக்கத்தில் மடித்துணியோடு அடுக்களையில் நிற்பது வேறு, வெளியுடையோடு புறப்படுவது வேறு. ஒரே நாளில் ஒரே பெண் இவ்விரண்டு உலகங்களிலும் வாழ வேண்டியிருந்தது. விடியலில் தோத்திரம் சொல்லியவள் பத்து மணிக்குக் கல்லூரி இருக்கையில் கிறித்தவப் பெண்ணுக்கும் நாயர் பெண்ணுக்கும் அருகே அமர்ந்து ஆங்கிலக் கவிதையோ இயற்கணிதமோ கேட்பாள். மழித்த தலையோடு வகுப்பில் அமர்வதன் கூச்சத்தை இன்று நம்மால் முழுமையாக உணர இயலாது. மாலையில் திரும்பி உடைமாற்றிய பின்னரே உணவுக்கூடம். இரவில் விளக்கடியில் பாடம். ஊரில் இருந்திருந்தால் அதே வேளையில் அவள் மறுநாள் சமையலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

இல்லத்திற்கு வந்தவர்களில் மழித்த தலையோடு வந்தவரும் இருந்தனர். முடி வளர்ப்பதற்கு அம்மையார் யாரையும் வற்புறுத்தவில்லை, வளர்த்தவரைத் தடுக்கவுமில்லை. மணலில் ஓடி விளையாட இடமிருந்தது. ஊரில் உரக்கச் சிரித்தாலே கடிந்துகொள்ளப்பட்ட சிறுமிக்கு அம்மணல்வெளியே பாதிக் கல்வி என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு ஆசாரம் எதற்காக? சீர்திருத்தம் செய்ய வந்தவர் அடுக்களையில் மட்டும் பழைமைக்குப் பணிந்தது ஏன்? இதற்கு விடை காண மராட்டியத்தை நோக்க வேண்டும். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் தொடங்கினார். அவர் கிறித்தவராக மாறியிருந்தார். மாணவியர் சிலர் அம்மதத்தின்பால் சாய்ந்தனர் என்ற செய்தி பரவியதும் 1893இல் பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். ஆதரித்த தலைவர்களும் விலகினர். கார்வே 1896இல் புணேயில் தொடங்கிய இல்லம் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்ததற்கும் அதுவே காரணம். சுப்பலட்சுமி அம்மையாரோ கன்னிமாடத்தில் படித்தவர். ஆங்கில அதிகாரியின் நட்பைப் பெற்றவர். ஐயம் எழ அதுவே போதும். ரிஷியூரிலோ வலங்கைமானிலோ திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் தம் பேத்தியை அனுப்ப வேண்டுமானால், அங்கே அவள் யார் கையால் உண்கிறாள் என்பதற்கு முதலில் விடை வேண்டும். என்ன படிக்கிறாள் என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. சமையற்கட்டை அவருக்கு விட்டுக்கொடுத்து வகுப்பறையை அம்மையார் வாங்கிக்கொண்டார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது அம்மையாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் அக்கதவு திறக்கவில்லை. அவர்களுள்ளும் கைம்பெண்கள் இருந்தனர். அவர்களுக்கும் எழுத்துத் தேவைப்பட்டது. அரசுப் பணம் அனைவரும் செலுத்திய வரிப்பணமே. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி வைத்தது நாட்டையே உலுக்கிய பூசலாயிற்று. தனிச் சமையல் என்பது எவ்வளவு பெரிய சுவர் என்பதை அப்பூசல் அனைவர்க்கும் காட்டியது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்க இடமின்றி நின்றபோது, நகரின் பிராமண விடுதியும் பிராமணரல்லாதார் விடுதியும் அவர்களை ஏற்க மறுத்தன. முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தம் இல்லத்திலேயே சேர்த்துக்கொண்டார்; அவ்வை இல்லம் அவ்வாறே பிறந்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரு பெண்மணிகள். ஒருவர் அமைதியாகச் சுவருக்குள் இருந்தவாறே சாளரம் திறந்தார். மற்றவர் சுவருக்கு வெளியே நின்றவர்களுக்கு வீடு கட்டினார். முன்னவரின் வழியில் எத்தனையோ பெண்கள் ஆசிரியைகள் ஆயினர் என்பது உண்மை. அவ்வழியில் இடம்பெறாதவர்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதும் உண்மை. காலத்தின் நெருக்கடியைக் காட்டி முதல் உண்மையால் இரண்டாவதை மூடிவிட நான் விரும்பவில்லை.

அம்மையாரின் பணி அச்சுவருக்குள்ளேயே நின்றுவிடவுமில்லை என்பதைக் கூற வேண்டும். 1922இல் ஐஸ் ஹவுஸை ஒட்டி லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் அவரே. பெண் ஆசிரியைகளை உருவாக்கும் அக்கல்லூரியோடு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. ஐஸ் ஹவுஸ் பயிற்சி மாணவியரின் விடுதியாக மாறியது. அவர் தொடங்கிய சாரதா வித்தியாலயம் பின்னாளில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது. 1920இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் அளித்திருந்தது.

அரசு ஊழியராதலின் மேடையேறிப் போராட அவருக்கு உரிமை குறைவு. எனினும் குழந்தை மணத் தடைச் சட்டத்திற்காக அமைந்த ஜோஷி குழுவின்முன் சென்று சான்று கூறினார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனத் திருமண வயதை வரையறுத்த அச்சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதனால் குழந்தை மணம் அன்றே ஒழிந்துவிடவில்லை. சட்டம் வருமுன் அவசர அவசரமாக நடந்த மணங்கள் மிகுதி. ஆயினும் பதினொரு வயதளவில் மணமாகிக் கைம்பெண்ணான ஒருவர், அரைநூற்றாண்டுக்குள் அத்தகைய மணத்தையே குற்றமாக்கும் சட்டத்திற்குத் துணைநின்றார்.

பணி ஓய்வை அவர் ஓய்வாகக் கொள்ளவில்லை. 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். படிப்பைப் பாதியில் விட்ட, வயதுவந்த பெண்களுக்கான பள்ளி அது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் அமையத் துணைநின்றார். அங்கே வந்தவர்கள் சிற்றூர் மக்கள். 1956இல் மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மோனிகா பெல்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் அவரோடு பழகி எழுதிய வாழ்க்கை வரலாறு அவர் வாழ்நாளிலேயே வெளிவந்தது. தமிழில் அதற்கு ஈடாக விரிந்த நூலொன்று எழுதப்பட வேண்டும். நம் மன்றத்து இளைஞர் எவரேனும் முன்வந்தால் நன்று.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் நடத்திய கடற்கரை மாளிகை விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. இன்று அங்கே விவேகானந்தர் கண்காட்சியைக் காணச் செல்வோர் பலர். அவர் அங்கே தங்கியது சில நாள்கள். பெண்கள் தங்கிப் படித்தது பல்லாண்டுகள். மாடிப்படி ஏறும்போது இதையும் நினைவில் கொள்வோர் மிகச் சிலரே.

திருச்சிராப்பள்ளியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923இலேயே தொடங்கிவிட்டது. நம் மாவட்டத்திற்குள் அரசு மகளிர் கல்லூரி வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. கும்பகோணத்தில் 1963இலும், தஞ்சையில் குந்தவை நாச்சியார் பெயரில் 1966இலும் அக்கல்லூரிகள் திறக்கப்பட்டன. இரண்டும் அம்மையார் உயிரோடிருந்தபோதே வந்தவை. அவற்றில் சேர்ந்த பெண்கள் காலையில் வீட்டில் உண்டு, பேருந்தில் சென்று, மாலையில் வீடு திரும்பினர். யார் சமைத்தார் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை.